மாட வீதிக்குப் போய்த் திரும்பிய ஐஸ்பெட்டி

சேசு மரி சூசை துணை

லஸ், மயிலாப்பூர்
12-5-1949

அன்புள்ள மகன் பிரகாசத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் தேவமாதா தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் கத்திரி வெயிலையும் சட்டை செய்யாமல் அப்படியே இருக்கிறது. அங்கே உன் உடம்பும் மருமகள் கிளாடிஸ் உடம்பும் எப்படி என்று மழுப்பாமல் எழுதவும், பம்பாய்க்காரர்கள் மாதிரி எல்லாம் பைன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே.

உன் கடிதமும் கூடவே அனுப்பிய அமெரிக்கச் சாமான்களின் படப் புத்தகமும் வந்து சேர்ந்தன. ஜூன் முதல் தேதி பம்பாய்க் கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுகிறேன், ஒரு வேனை வாடகைக்கு எடுத்து அதில் கரண்ட் ஐஸ்பெட்டியை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர் என்று வீடு வீடாக இறக்கிக் காட்டினால் ஆர்டர் தானாக வந்து விழும், அப்பா சரி என்று ஒரு வரி போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குப் பதில் நான் பல வரி எழுத வேண்டியிருக்கிறது, அவசரப்படாமல் படி. படித்து முடிக்கிறவரை ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதே. கல்யாணமானவன் ஒரு வேலையை விடுவது சட்டையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இல்லை.

முதலில் புத்தகத்தில் நீ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கைப்பெட்டி மாதிரியான பாட்டரி ரேடியோ நல்ல சரக்கு, அதற்கு நான் சரி சொல்கிறேன். ஜனவரியில் கிரிக்கெட் மாட்ச் நடந்தபோது நம் ரேடியோ கடை வாசலில் ஸ்கோர் கேட்கிற கூட்டம் டிராம் வண்டியையே மறித்துக்கொண்டு நின்றது, அவர்களில் நாலு வக்கீலாவது கையில் தூக்கிப் போகிற ரேடியோவை வாங்குவார்கள், மாதிரிக்கு இரண்டு செட் அனுப்பச் சொல். மெதுவாகச் சுற்றி ஒரு பக்கமே இருபது நிமிஷம் பாடும் புதுக் கிராமபோன் தட்டு வந்திருக்கிறது என்கிறாய், அது இப்போது வேண்டாம். நம் கடைக்கு வருகிறவர் தட்டை நின்றுகொண்டே பாதி கேட்டுவிட்டுத்தான் வாங்குவார், இருபது நிமிஷம் கேட்க நாற்காலி போட்டால் தட்டும் வாங்கமாட்டார், எழுந்தும் போகமாட்டார். மை ஊற்ற வேண்டாதது என்று நீ மாதிரிக்கு அனுப்பிய அந்தக் குண்டு முனைப் பேனாவால்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால் ஆபீஸ் வரை வெயிலில் போய் வந்தேன், மை ஒழுகிப் பையெல்லாம் நீலம், அம்மா பிடித்துக் கத்திவிட்டாள். மீதியைப் பழைய பேனாவில் எழுதுகிறேன், நிறம் மாறியிருக்கிறதே என்று யோசிக்காதே.

இனி ஐஸ்பெட்டிக்கு வருகிறேன். நீ ஏற்பாடு செய்த மாதிரிப் பெட்டி, பாஸ்காவுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத் தொடக்கத்தில் துறைமுகத்திலிருந்து வந்து இறங்கியது. வெறும் பெட்டியைக் காட்டினால் யாருக்கும் ஆசை வராது, நாமே உபயோகித்துப் பார்த்து அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், அது எனக்கும் நியாயமாகப் பட்டது, ஆகவே வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். தபசு காலமானதால் வீட்டில் ஆட்டு மாமிசம் கோழி எதுவும் கிடையாது, பெட்டி பத்தியமாக இருக்கும் என்பது என் கணக்கு. உன் அம்மா தினமும் அதில் வஞ்சிரமும் சங்கராவும் வைத்து எடுத்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் முனியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இந்தப் பொட்டில வெச்சா மீனு நாலு நாளு கெடாம கீதாமே, அப்ப நான் தெனம் கூடையத் தூக்கினு வர்றது இன்னாத்துக்கு, நீயே கடலாண்ட ஒரு வாட்டி வந்து வாரிக்கினு போய்டேன்" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் நம் தெருப் பக்கமே வரவில்லை. பாஸ்காத் திருநாள் முடிந்ததும் பெட்டியைச் சோப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கழுவி, கதவை இறுக மூடிக் கடைக்கு அனுப்பிவிட்டோம்.

தெற்கு மாட வீதியில் ரிட்டயரான கோர்ட் சிரஸ்தார் சுந்தரராமன் உனக்கும் தெரிந்தவர்தான், நம்மிடம் மூன்று வால்வு ரேடியோ வாங்கியவர். அவர் மருமகள் டில்லியில் இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று கேட்டார். அவர் சம்சாரம் சூடாமணி அம்மாள் கெட்டிக்காரி, கதவுக்குப் பின்னால் நின்றபடி, பாலும் சாதமும் உள்ளே ஒன்றையொன்று தொட்டுக்காம இருக்குமா என்று முதலில் கேட்டார். சாதம் பட்டதெல்லாம் அவர்களுக்குப் பத்து, அதைத் தொட்ட கையால் பாலையோ ஊறுகாயையோ தொடமாட்டார்கள், நேற்றுச் சமைத்ததை இன்று சாப்பிடவும் மாட்டார்கள். அடுத்த கேள்வி, உங்காத்துல இதுல ஏதாவது வெச்சேளா என்பது. தபசு காலம் அம்மா, ஒரு துண்டு மாமிசம் உள்ளே போனதில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மாமிசம் விலக்குகிற ஒருசந்தி நாளில் மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், மீனை மாமிசத்தோடு சேர்த்து எண்ணியதே கிடையாது, அந்த நேரத்தில் மீன் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை. கைவண்டியில் ஏற்றுவதற்கு முன் நல்ல வாசனையாக இருக்கட்டும் என்று உள்ளே சாம்பிராணிப் புகை வேறு காட்டினேன்.

சிரஸ்தார் வீட்டில் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, உள்ளே பாலும் கபாலி கோவிலுக்கு வாங்கிய பூவும் கத்தரிக்காயும் வைத்தார்கள். மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் ஆள் வந்துவிட்டது, ஐயர் உடனே வரச் சொன்னார் என்று. போனால் அவர் காபி டம்ளரை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஓய் ஆரோக்கியம், இதை மோந்து பாரும்" என்றார். மோந்தேன். முனியம்மாளே கூடையோடு எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஓடுகிறதல்லவா, வாசம் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு சாம்பிராணி போனதும் பாலில் இறங்கிவிட்டது. மீன்தான், எங்களுக்கு அது மாமிசத்தில் சேர்த்தி இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து அந்த அம்மாள், "வங்காளத்துல பிராமணாளே அதை ஜலபுஷ்பம்னு சொல்லிண்டு சாப்பிடறாளாம், இவராத்துல அது என்ன, சமுத்திரத்துக் கத்தரிக்காயா?" என்றார். டில்லி மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். சிரஸ்தார் மட்டும் சிரிக்கவில்லை, அவருடைய காபி போய்விட்டதே.

நான் வாதாடவில்லை, அங்கேயே நின்று வண்டி வரவழைத்துப் பெட்டியை ஏற்றினேன், பாத்திரங்களுக்கும் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன். அதற்கு அந்த அம்மாள் கொஞ்சம் இறங்கி வந்து சொன்னதுதான் எனக்கு முக்கியம், அதற்காகத்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன். "பெட்டி மேல நேக்குக் கோபமில்லை, பால் திரியாம இருந்ததே. புதுசா ஒண்ணு கப்பல்ல வந்த மரக்கூட்டோட வரட்டும், ஆணியை எங்காத்து வாசல்ல என் கண்ணு முன்னால பிடுங்கட்டும், வாங்கிக்கறேன். ஒருத்தராத்துல இருந்துட்டு வந்தது இந்த வாசல்படி ஏறப்படாது." கேட்டாயா. இது அந்த ஒரு வீட்டுச் சட்டம் இல்லை. அதற்கு அடுத்த வாரம் ராயப்பேட்டை ஹபீபுர் ரஹ்மான் பாய் கடைக்கு வந்து, அங்கே திரும்பி வந்து நின்ற ஐஸ்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பார்த்துவிட்டு, "நாடார் வீடோ நாயுடு வீடோ எங்கே போயிருந்தாலும் சரி, வெள்ளைக்காரன் பங்களாவுக்கு மட்டும் இது போயிட்டு வரல்லியே, பன்னி கின்னி வெச்சிருந்தா அல்லா மேல ஆணையா இப்பவே சொல்லிடு சேட்" என்றார். ரேடியோவை நீ பத்து வீட்டில் பாட வைத்துவிட்டுப் பதினோராவது வீட்டில் விற்கலாம், பாட்டு ஒட்டிக்கொள்ளாது. சோறு வைக்கிற பெட்டி அப்படி இல்லை, ஒரு வீட்டில் திறந்தால் அடுத்த வீட்டுக்கு அது எச்சில். வேனில் வைத்து ஊரைச் சுற்றினாயானால் மந்தைவெளி தாண்டுவதற்குள் உன் பெட்டியை எவரும் தொடமாட்டார்கள். உன் புத்தகம் எழுதியவனுக்கு இது தெரியாது, அவன் ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிடுகிறார்கள்.

ஐஸ்பெட்டி விற்காது என்று நான் சொல்லவில்லை. கடையில் ஒன்றில் வெறும் தண்ணீரும் மல்லிகைப்பூவும் மட்டும் வைத்துக் காட்டி, விற்கிறதை ஆணி பிடுங்காமல் அனுப்பினால் வெயில் காலத்துக்கு நாலைந்து போகும், சூடாமணி அம்மாளுக்கும் ஒன்று எழுதி வைத்துவிட்டேன். இறக்குமதிக்கு லைசென்ஸ் எத்தனை நாள் கொடுப்பார்களோ அதுவும் தெரியாது. இது ஒரு கடைக்கு ஒரு பக்க வியாபாரம், இரண்டாவது குடும்பம் ஒன்று இதை நம்பி வண்டி ஏற முடியாது. ஆகவே ராஜினாமா வேண்டாம் என்பது என் பதில். திரும்பி வந்த பெட்டி இப்போது மறுபடி நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது, முனியம்மாளும் சமாதானமாகிவிட்டாள்.

இவ்வளவும் எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் கடிதத்தை விட்டுவிட்டு உன் கடிதத்தை எடுக்கச் சொன்னாள், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே, கிளாடிஸுக்கு இங்கே பொழுது போகவில்லை, சில நாளாகச் சாப்பாடும் இறங்கவில்லை என்று நெருக்கி எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்ததும், "ஏங்க, இது ஐஸ்பெட்டிக் கடுதாசி இல்லீங்க, வீட்டுக்கு வரணும்னு கேக்குற கடுதாசி. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆகியிருக்கும், அம்மா இல்லாத பிள்ளை, யார்கிட்ட சொல்லும்? உங்க மகன் உங்ககிட்ட வியாபாரம் பேசினாத்தான் காது கொடுப்பீங்கன்னு சுத்தி வளைச்சிருக்கான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வாசலில் வருகிற ஆள் எதை வாங்க வந்திருக்கிறான் என்று செருப்பைக் கழற்றுகிற விதத்தில் கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசுகிறவன் நான், பெற்ற பிள்ளை கேட்டது தெரியவில்லை.

அம்மா சொன்னது சரியென்றால், வேலையை விடாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளாடிஸை டாக்டரிடம் ஒரு தரம் காட்டிக் கேட்டுக்கொண்டு கூட்டி வா. தலைப்பிரசவம் இங்கேதான். அவளை எங்களிடம் விட்டுவிட்டு நீ திரும்பிப் போ, பிறகு வந்து பார். அதற்கப்புறமும் பம்பாய் உனக்கு ஒத்துவரவில்லை, மெட்ராஸுக்கே வந்துவிடுகிறேன் என்றால் அப்படியே எழுது, கடையில் என்ன வேலை, உனக்கு என்ன என்று அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து பேசுவோம். வீட்டுக்கு வருவதற்கு என்னிடம் நீ எதையும் விற்றுக் காட்ட வேண்டியதில்லை.

கிளாடிஸுக்கு ரயிலில் கீழ்ப் பெஞ்சு வாங்கு, குண்டக்கல்லில் தண்ணீர் பிடிக்காமல் கூஜாவில் வீட்டுத் தண்ணீரே கொண்டு வா, புறப்படும் தேதியைத் தந்தி அடி, நானே சென்ட்ரலுக்கு வருகிறேன். அம்மா லஸ் கோவில் சுவாமியாரிடம் உங்கள் இருவர் பேரிலும் ஒரு பூசைக்குச் சொல்லிவிட்டாள். தேவமாதா உங்களை மடியில் வைத்துக் காக்கட்டும். சர்வேசுரன் கிருபையால் மூன்று பேராக வந்து இறங்குங்கள்.

உன் அப்பா,
சூ. ஆரோக்கியநாதன்