காலண்டர் தாளுக்குள் உடும்பு

அக்கா,

வரிசை எண் சீட்டைப் பைக்குள் வைக்கப் போனபோது கையில் உன் புத்தகம் தட்டுப்பட்டது. நான் இதை எடுத்து வரவில்லை. முருகன் படக் காலண்டர் தாளில் அட்டை போட்ட அந்தத் தடித்த ஆங்கில நாவல் இப்போது ஆஸ்பத்திரி நாற்காலியில் என் மடிமேல் இருக்கிறது.

எனக்கும் மார்பில் ஒரு கட்டி. ஊசியால் திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், இன்று முடிவு சொல்வார்கள். உன்னைக் கொண்டுபோன அதே நோயா இதுவும் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அம்மாவிடம் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதைப் பழைய புத்தகக் கடையிலிருந்து நீ வாங்கி வந்த அன்று நாம் சிரித்த சிரிப்பு! அட்டையில் பனிமலை. அதில் இரும்புக் கச்சையும் வெறும் வயிறுமாக ஒருத்தி. அவள் ஏறி உட்கார்ந்திருந்த டிராகனோ, நம் சுவா சூ காங் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கால்வாயில் திரியும் உடும்பேதான், அதுவும் வயிறு சரியில்லாத உடும்பு. “இவ்ளோ பனில ஒரு ஸ்வெட்டர் கூட குடுக்க மாட்டாங்களா லா?” என்று கேட்டாய். கதையில் பனியும் இல்லை, டிராகனும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. ஒரு கிழவர் கழுதையோடு ஊர் ஊராக உப்பு விற்கிறார், அவ்வளவுதான்.

அம்மா பார்த்தால் தொலைந்தோம் என்று மளிகைக் கடைக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அட்டை போட்டாய். அன்றிலிருந்து வீட்டில் அது சாமி புத்தகம். பெரியம்மா வந்தபோது அதை எடுத்துப் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்குள் ஓடினாய்.

ஆஸ்பத்திரியிலும் அம்மா அதைத்தான் உன் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவள் காப்பி வாங்கப் போனதும், நீ தாளின் ஓரத்தை நெகிழ்த்தி உடும்பின் மூக்கைக் காட்டினாய். “பயம் வந்தா இத பாருடி, சிரிப்பு வந்துரும்.” சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் நீ என் கையை விடவில்லை. “ஆனா ரொம்ப பயமா இருக்குடி” என்றாய். ஊரே உன்னைத் தைரியசாலி என்றது. அந்தக் கை நடுங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது, அக்கா.

உடும்பைப் பார்க்கலாம் என்று தாளை நெகிழ்த்தினேன். இது நீ போட்ட தாள் இல்லை. உள்ளே மடித்த பகுதியில் போன மாதத்துத் தேதிகள், அமாவாசையைச் சுற்றி அம்மா போடும் வட்டம்.

அப்படியானால் அம்மா பழைய தாளைப் பிரித்திருக்கிறாள். கச்சைக்காரியையும் உடும்பையும் கண்ணாரப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, புது முருகனைப் போட்டு மூடி, காய் வாங்கப் போகிறவளின் பையில் வைத்திருக்கிறாள். காலையில் கதவருகே நின்று, “வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துரும்மா” என்றாள். குரல் கம்மியிருந்தது. சளி என்று நினைத்தேன்.

திரையில் என் எண் வந்துவிட்டது. தாளுக்குள் சாமி இல்லை, உடும்புதான் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

போகிறேன், அக்கா.