கூகைக்கட்டு என்று நாங்கள் சொன்னது

செட்டிபாளையம்
14.02.1998

அன்பு மகள் இராசாத்திக்கு அப்பா எழுதுவது. கண்ணகை அம்மன் காவலில் நானும் அம்மாவும் சுகம். வாயைத் திறக்க முடியாமல் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது. இங்கே கடைசி மழை பிந்திப் பெய்து, வயல் வட்டையில் எங்கள் பக்கத்து வேளாண்மை கொஞ்சம் சாய்ந்துவிட்டது, ஆனாலும் இந்த மாதக் கடைசியில் வெட்டிவிடலாம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். உனக்கு அனுப்பவென்று முறுக்குச் சுட்டுக் கட்டி வைத்திருந்தவள், உன் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்டதும் பொதியை அவிழ்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் இருந்துகொண்டாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

நீ அனுப்பிய காப்புறுதிக் கம்பனியின் கடிதத்தைக் காத்தான்குடி அஹமட் காக்காவிடம் கொண்டுபோனேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், இப்போது சமாதான நீதவான். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சொன்னார், அடிபட்ட காயத்தால் தாடை மூட்டுக் கெட்டிருந்தால் வைத்தியத்துக்குக் கொடுப்பார்களாம், நோயால் வந்திருந்தால் கொடுக்கமாட்டார்களாம், உன் மகள் சின்ன வயதில் கன்னம் வீங்குகிற கூகைக்கட்டு நோய் வந்ததென்று படிவத்தில் எழுதியிருக்கிறாள், அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுத்திருக்கிறார்கள் என்று. ஏழு வருடத்துக்கு முன் நான் சொல்லித் தந்த பொய்யை அத்தனை தூரம் வெளிநாடு போயிருந்தும் நீ காப்பாற்றியிருக்கிறாய்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வட்டையிலிருந்து இருவரும் வரும்போது ஆமி மறித்துப் பார்க்கிற சென்றியில் என் அடையாள அட்டை நனைந்து எழுத்து அழிந்திருந்ததென்று அந்த ஆமிக்காரன் என்னை நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். நீ போய் அவன் கையைப் பிடித்தாய். பதினாறு வயதுப் பிள்ளை, அவன் உன்னை என்ன செய்வானோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டு உன் கன்னத்தில் அடித்தேன். அவன் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம் மகள். நான் இன்னொரு அடி அடித்தேன். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், முதலடிக்கு அது சரி. இரண்டாவது அடி, அவன் என்னைத் தள்ளியதை நீ பார்த்துவிட்டாயே என்ற வெட்கத்தில் அடித்தது. அந்த அடியில்தான் உன் தாடை சத்தம் போட்டது, எனக்குக் கேட்டது.

முகம் வீங்கி வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்ததும் நான்தான். சென்றியால் வந்த குமர்ப்பிள்ளைக்கு முகம் வீங்கியிருந்தால் ஊர் வேறு கதை கட்டும், நாளைக்கு ஒருவரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மாவையும் பயப்படுத்தி, கூகைக்கட்டு என்று சொல்லச் சொன்னேன். பார்ப்பவர்கள் நம்பவேண்டுமென்று, கூகைக்கட்டுக்குப் போடுகிறமாதிரி அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி உன் கழுத்தில் போட்டாள். பார்க்க வந்த சனமும் நம்பி வேப்பிலை கொண்டுவந்து தந்தது. நீ பேசாமல் படுத்திருந்தாய். அன்றைக்கே ஒரு டொக்டர் பார்த்திருந்தால் இன்றைக்கு உனக்கு இந்தக் கதி இல்லை.

மேன்முறையீட்டுக்குச் சத்தியக் கடதாசி ஒன்று வேண்டுமென்றார் அஹமட் காக்கா. நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “விழுந்து அடிபட்ட எண்டு போடுவமா தம்பி? அதுவும் காயந்தானே” என்று மெதுவாகக் கேட்டார். உன்னிடம் மறைப்பானேன், ஒரு நிமிஷம் நானும் ஓம் என்று சொல்லத்தான் பார்த்தேன். பிறகு, “இல்ல காக்கா, நான்தான் அடிச்ச. ரெண்டு அடி எண்டு எழுதுங்க” என்றேன். அவர் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் எனக்கு வாசித்துக் காட்டி முத்திரை குத்தினார். நான் கையெழுத்து வைத்தேன், அம்மாவும் வந்து சாட்சிக்கு வைத்தாள். இங்கே தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்களென்று பயமாக இருந்ததால் அவருடைய மகன் பாறூக் இதைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்புவார்.

மேன்முறையீட்டுக்கு மார்ச் முடியும்வரைதான் தவணை, நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிடாதே. குளிரில் தாடையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மெல்லத் தேவையில்லாத சாப்பாடாகச் சாப்பிடு. அப்பாவுக்கு ஏதும் வில்லங்கம் வருமோ என்று யோசித்து இந்தக் கடதாசியைப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. அம்மன் உனக்குத் துணை நிற்பாள், உன் நோவு மாறி நன்றாக இருப்பாய்.

புதுப் படிவத்தில் காரணம் என்று கேட்கும் இடத்தில் என் பெயரை எழுத உனக்குக் கை வராது, எனக்குத் தெரியும். அதனால்தான் நானே எழுதி அனுப்புகிறேன்.

உன் அப்பா,
கோ. இராசதுரை