கை நீட்டிய நாட்கள்

ஜூலை 8, 2025. செவ்வாய்

புதிதாகக் கம்பி சுற்ற, ரீவைண்டிங்கிற்கு மூன்று மோட்டார் வந்து கிடக்கிறது. ஒன்றைத்தான் பிரித்தேன். அதற்குள் அப்பா இரண்டு முறை வேட்டியிலேயே போய்விட்டார். முதல் முறை கழுவி, வேட்டி மாற்றி, கட்டிலில் உட்கார வைத்துவிட்டு முன்னறைப் பட்டறைக்கு வந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. மறுபடியும். இந்தத் தடவை சுவரிலும் தடவி வைத்திருந்தார்.

தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். சத்தம் கேட்கிற மாதிரி.

எண்பத்து மூன்று வயது மனிதர். முப்பத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்தவர். என்னை ஒரு நாள்கூட அடித்ததில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது, நான் அவரை அடிக்கிறேன்.

இது முதல் தடவை இல்லை. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டிலும் பொய் சொன்னதாகிவிடும்.

ஜூலை 9

என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவை டூவீலரில் முன்னால் உட்கார வைக்க முடியாது, பின்னால் உட்கார்ந்தால் சாய்ந்துவிடுகிறார். ஆட்டோ பிடித்துப் பூசைக்குக் கூட்டிப் போனேன். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

நன்மை அப்பம் வாங்க அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அவர் நாக்கை நீட்டி வாங்கினார். பங்குச்சாமி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டேன். மூன்றாவது வாரம் இது. பின்வரிசையில் எல்லாரும் கவனித்திருப்பார்கள். கவனிக்கட்டும். அடித்த கையை நீட்டி எப்படி வாங்குவது?

ஆகஸ்ட் 1, முதல் வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஈஸ்டரில் இருந்து இது ஐந்தாவது தடவை. ஐந்து தடவையும் ஒரே பாவம்.

"எத்தனை தடவை ஃபாதர் இதையே வந்து சொல்றது? எனக்கே வெக்கமா இருக்கு."

"அதுக்காகப் புதுசா ஒரு பாவத்தச் செஞ்சுட்டு வருவீங்களா?" என்றார். சின்ன வயதுச் சாமியார், முப்பத்தைந்து இருக்கலாம். சிரிக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. "வீட்டுல உங்களுக்குத் துணைக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. வீட்டுக்காரி தவறிப்போயி நாலு வருசம் ஆச்சு. மக கோயம்புத்தூர்ல."

"நீங்க அடிக்கிறது வேற யாருக்காவது தெரியுமா?"

தெரியாது என்றேன். "இங்க வந்து சொல்றது சரி. ஆனா உங்களால தனியா முடியலைன்னு வெளியிலயும் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

பரிகாரம் என்ன தெரியுமா? மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம். அவ்வளவுதான். பெற்ற தகப்பனை அடித்ததற்கு மூன்று! சின்னப் பிள்ளைகள் மிட்டாய் திருடினால் கொடுக்கிற பரிகாரம். முழங்காலிட்டு மூன்றையும் சொல்லி முடித்தேன். கோபம்தான் வந்தது. இன்னும் பெரிதாக ஏதாவது கொடுத்திருந்தால் மன்னிப்புக் கிடைத்தது என்று நம்பியிருப்பேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று நாள். மூன்றே நாள்தான் தாங்கியது.

மத்தியானம் பின்கதவைத் திறந்துகொண்டு அப்பா போய்விட்டார். தஞ்சாவூர் ரோட்டில், நட்டநடுவில், வேட்டி இல்லாமல் நின்றார். டவுன் பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் என்னைத் திட்டிய வார்த்தையை எழுத முடியாது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வரமாட்டேன் என்று கடித்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் முதுகில், தோளில் — எத்தனை என்று தெரியவில்லை. நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

சுவர் மூலையில் குறுகி உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் கூப்பி, "அடிக்காதீங்க சார், நாளைக்குப் படிச்சுட்டு வந்துர்றேன் சார்" என்றார்.

ஆண்டவரே. என்னடா மனுசன் நான்.

ஆகஸ்ட் 5

பக்கத்து வீட்டு பவுசியா வந்தாள். வீட்டுக்காரர் சவூதியில், இவள் பிள்ளைகளோடு இங்கே இருக்கிறாள். கையில் ஒரு கிண்ணத்தில் கஞ்சி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"நேத்து சத்தம் கேட்டுச்சுண்ணே."

"வழுக்கி விழுந்துட்டார்ம்மா" என்றேன்.

அவள் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, "காலையில எனக்கு ரெண்டு மணி நேரம் சும்மாதான் இருக்கு. பிள்ளைக ஸ்கூலுக்குப் போயிரும். நான் வேணா இங்கிட்டு வந்து உக்காந்துக்கிறேன், நீங்க வேலையப் பாருங்க" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன்? அவள் வந்தால் பார்த்துவிடுவாள். அதுதான்.

ஆகஸ்ட் 6

இப்போது பொய்யும் சேர்ந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் 25ஆம் தேதி விடியற்காலை கிளம்புகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். செருப்பில்லாமல் நடக்கப் போகிறேன். நான்கு நாள் வெயிலில் தாரில் காலை வைத்து நடந்தால், மாதா சன்னிதியில் போய் நிற்க ஒரு முகமாவது இருக்கும்.

திருச்சியில் இருக்கிற அமலோற்பவம் அக்காவுக்கு போன் பண்ணினேன். ஒரு வாரம் அப்பாவை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு போட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். "ஒங் குரலு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். சளி என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

அக்கா பத்து மணிக்கு வந்தாள். வந்ததும் அப்பாவைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

"அடைக்கலம். இங்க வா."

போனேன். தோளில் இருந்த அடையாளத்தில் விரலை வைத்திருந்தாள். இருபது நாளாகியும் மஞ்சளாகத் தெரிந்தது. அப்பா ஈரத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது என்னடா?"

வழுக்கி விழுந்தார் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. "நான்தான்க்கா" என்றேன். "நான்தான் அடிச்சேன். இது ஒரு தடவை இல்ல."

கன்னத்தில் அறைவாள் என்று நின்றேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துண்டை எடுத்து அப்பாவின் தலையைத் துவட்டினாள், சட்டை போட்டுவிட்டாள், கட்டிலில் படுக்க வைத்தாள். அதன் பிறகு அடுப்படியில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்னைய மனுசனாவே நெனைக்க மாட்டன்னு..."

"போன வருசம் அப்பா எங்கிட்ட ஒரு மாசம் இருந்தாருல்ல" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஒங்க மாமா ஊர்ல இல்லாத நாளெல்லாம் ரூம்ல வச்சு வெளிய பூட்டிட்டுத்தான் டூட்டிக்குப் போனேன். எட்டு மணி நேரம். ஒருநா வந்து பாக்குறேன், கதவத் தட்டித் தட்டிக் கை வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரியில யாரோ பெத்தவங்களுக்கு நான் டயாப்பர் மாத்துறேன்டா. எங்கப்பன் பூட்டுன ரூம்ல கெடந்தாரு. அதான் அப்பறம் இங்கிட்டுக் கொண்டுவந்து விட்டேன். ஒனக்குச் சொல்லல."

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. யாரும் எழவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது சொன்னாள்: "பதினஞ்சு நாளு எங்கிட்ட, பதினஞ்சு நாளு ஒங்கிட்ட. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். நான் டூட்டிக்குப் போற நேரத்துக்கு ஒரு அம்மாவ வேலைக்கு வச்சுக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ள வாரேன்னு சொல்லுச்சாமே, நீ அதைய வரச் சொல்லு. கௌரவம் பாக்காத."

பவுசியா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நேற்று விடியற்காலை மூன்றரைக்கு அலாரம் வைத்திருந்தேன். எப்போது அடித்தது, எப்போது அணைத்தேன் — ஒன்றும் நினைவில்லை. எழுந்து பார்த்தால் மத்தியானம் பன்னிரண்டு. நடந்து போகிற கூட்டம் அதற்குள் எத்தனையோ ஊர் தாண்டியிருக்கும். காவித்துண்டு மடித்தபடியே நாற்காலியில் கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தேன். இன்று காலையில்தான் எழுந்தேன்.

எத்தனை மாதமாகிறது இப்படித் தூங்கி!

மாதாவுக்கு நடந்து காட்டுவேன் என்று சொன்னவன் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். பஸ் ஏறிப் போய் வழியில் சேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். போகவில்லை. குற்றவுணர்ச்சி வரும் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

செப்டம்பர் 5, முதல் வெள்ளி

ஆறாவது தடவை. பாவத்தைச் சொன்னேன். பொய்யையும் சொன்னேன். அக்காவிடம் சொன்னதையும், தூங்கிவிட்டதையும் சொன்னேன்.

"நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா ஃபாதர்."

"சந்தோசம்" என்றார்.

இந்த முறையும் அதே மூன்று. சின்னதா பெரியதா என்று அளந்துகொண்டிருக்கவில்லை. மூன்றையும் சொன்னேன். நான் அடிக்கும் முன்பே மன்னிப்புக் காத்திருந்ததா, அடித்த பிறகும் காத்திருக்கிறதா — இதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே வரிசையில் போய் நின்று நன்மை வாங்கினேன். கையை நீட்டித்தான்.

செப்டம்பர் 19

அப்பா வந்து பத்து நாள். பவுசியா காலையில் வருகிறாள். அவளைப் பெற்ற அத்தாவும் கடைசியில் இப்படித்தான் இருந்தாராம். "நானும் கத்தியிருக்கேண்ணே, கத்தாம யாரு இருக்கா" என்றாள். இரண்டு மோட்டார் முடித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

களைப்பு போய்விடவில்லை. இனிமேலும் போகாது என்றுதான் தோன்றுகிறது.

மத்தியானம் சோறு ஊட்டினேன். துப்பினார். மறுபடி ஊட்டினேன். என் முகத்திலேயே துப்பினார். கை தானாக மேலே போனது. பாதியில் நின்றது. நான் நிறுத்தினேனா, நின்றதா, தெரியாது. தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவினேன். ஆகஸ்ட் மாதமாக இருந்தால், ஓங்கியதும் பாவம்தானே என்று நாலு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். இன்று அங்கேயே நின்று, ஆண்டவரே மன்னியும் என்றேன். நனைந்த சட்டையோடு உள்ளே வந்தேன்.

கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டேன். "அப்பா, ஒங்கள அடிக்கக் கை ஓங்கிட்டேன். முன்னாடி அடிச்சும் இருக்கேன். மன்னிச்சிருங்க."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். தேடினார். கிடைக்கவில்லை.

"நீங்க யாருன்னு தெரியலீங்களே" என்றார். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். "யாரா இருந்தா என்ன. உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

உட்கார்ந்து சாப்பிட்டேன்.