அப்பாவுக்கு யானை வாடை தெரியவில்லை

பண்ணைக்காடு,
12.8.2006

அன்புத் தம்பி பிரதீப்புக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குவைத்தில் பேனா விற்பதில்லையா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

அப்பா ஒரு மாதிரி இருக்கிறார். பேச்சு, காப்பித் தோட்டத்துக் கூலிக் கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் பலாப்பழம் அழுகி ஈ மொய்க்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணுந் தெரியலியே" என்கிறார். தெரிந்த வாசற்படியில் கால் தடுக்குகிறது. பகலெல்லாம் தூக்கம். சினிமா பார்த்தாலே அழுகிற மனுஷன், கூடப்பிறந்த தங்கச்சி, நம் சின்னத்தை செத்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஊரில் குடி என்கிறார்கள். வயசாகிறதல்லவா என்று நான் விட்டுவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
சுதாராணி


பண்ணைக்காடு,
3.9.2006

தம்பி,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. சுப்புராஜ் மாமாவை யானை அடித்துவிட்டது. போய்விட்டார்.

வெள்ளனே தோட்டத்துக்குப் போகும்போது அப்பா மூக்கை நம்பித்தானே இந்தத் தெருவே பின்னால் நடக்கும்? வளைவுக்கு இந்தப் பக்கமே யானை வாடை பிடித்துக் கையைக் காட்டிவிடுவார். அன்றைக்குப் பின்னால் வந்த மாமாவே, "ஏலே காசி, வாடை அடிக்குற மாதிரி இருக்குல்ல" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்ல, வாலே" என்று அப்பா நடந்திருக்கிறார். வளைவில் யானை நின்றிருக்கிறது. அப்பா தடுமாறிப் பள்ளத்தில் விழுந்து தப்பித்தார். மாமா மாட்டிக்கொண்டார்.

வீரம்மாள் அத்தை அப்பா முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். "குடிச்சுப்புட்டு என் தாலிய அறுத்திட்டியே, நீ வெளங்குவியா" என்றாள். அப்பா தலையில் அந்த மண்ணோடேயே வீட்டுக்கு நடந்தார்.

சுதாராணி


குவைத்,
16.9.2006

அக்காவுக்கு,

இதை அவரிடம் வாசித்துக் காட்டு.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவர் சுப்புராஜ் மாமா. நான் இங்கே சிமெண்டுத் தூசியில் வேகிறேன், நீங்கள் அங்கே குடித்துவிட்டு அந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டுபோய் யானைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சாக வேண்டியது மாமா இல்லை. இனி எனக்கு அப்பா கிடையாது. நீங்கள் செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

பிரதீப்


பண்ணைக்காடு,
9.10.2006

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரே எடுத்துப் படித்துவிட்டார். படித்துவிட்டு, "நான் குடிக்கலம்மா" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, காப்பித்தூளை மூக்கருகே பிடித்தார். காப்பியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கிராம்பும் தெரியவில்லை. சோப்பும் தெரியவில்லை. நடக்கவிட்டுப் பார்த்தார், தூக்கத்தைப் பற்றியும் சின்னத்தை சாவைப் பற்றியும் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மூக்கு மட்டும்னா வயசுன்னு விட்டுருவேம்மா. எல்லாஞ் சேந்து வருது. மறதி நோய்க்கு இது தொடக்கமா இருக்கலாம். இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். மறதியே இல்லையே ஐயா, எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்றேன். சில பேருக்கு மறதி கடைசியாகத்தான் வருமாம்.

ஞாபகத்தையும் சோதித்துவிடலாம் என்று அப்பாவைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, "சமீபத்துல படிச்சது எதையாச்சும் சொல்லுங்க பெரியவரே" என்று கேட்டார்.

அப்பா உன் கடிதத்தைச் சொன்னார். முதல் வரியிலிருந்து உன் பெயர் வரைக்கும், ஒரு சொல் விடாமல் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

லீவு கேட்டு வெரசா வா. இப்போது நீ வந்து எது சொன்னாலும் அது அவர் மனசில் நிற்கும். பிற்பாடு நிற்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

அக்கா
சுதாராணி