இன்னைக்கு எத்தனை யானை?

மாப்ளே,

இன்று காலை கம்பம் சந்தையில் ஒருத்தர் ஏலக்காய் மூட்டையைப் பிரித்தார். வாசம் ஏறியதும், "மாப்ளே, மோந்து பாரு" என்று திரும்பிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் யாரோ வாழைத்தார் வியாபாரி. பாவம், அவரும் குனிந்து மோந்து பார்த்தார்.

மூணாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம், எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்குத் தீர்ந்துபோனதுதான். அதனால் கடுதாசியில் பிழை இருந்தால் அவரைத் திட்டு.

குமுளி மலைக்கு நாம் அரிசி ஏற்றிப் போன காலம். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் இரண்டு வண்டியையும் நிறுத்தி, உன் காளைகளையும் என் காளைகளையும் ஒரே வண்டிக்குச் சேர்த்துப் பூட்டி மேலே ஏற்றுவோம். பிறகு இறங்கி வந்து அடுத்த வண்டி. ஊருக்குள் மட்டும், என் ஜோடி ஒண்டியாகவே ஏறும், மறித்த யானையைச் சாட்டைக் கம்பால் விரட்டினேன் என்று நான் அளப்பேன். யானை நின்றது நெசம். எதிர் மலையில் நின்றது. நீ வெற்றிலையை மென்றுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டுவாய்.

என் சின்னவன் அம்மையில் போனானே, அந்த வருஷம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும். யாரிடமும் சொல்லவில்லை. காப்பிக் கடையில் முன்னைவிடச் சத்தமாகப் பேசினேன். ஏழு யானையை ஒத்தையில் விரட்டினேன் என்றேன். எல்லாரும் சிரித்தாக. நீ சிரிக்கவில்லை.

மறுநாள் அடிவாரத்தில், கூட்டிக் கட்ட வேண்டாம், தனியாகவே ஏற்றுகிறேன் என்று வீம்பாகக் கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. உன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாய். சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து நிறுத்தினாய்.

"நல்லா இருந்தா ஒரு யானை சொல்லுவ. நேத்து ஏழு. என்ன மாப்ளே செய்யுது?"

அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். நீயும் வந்து உட்கார்ந்தாய். காளைகள் அசைபோட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாய். அப்புறம் உன் ஜோடியை ஓட்டி வந்து என் வண்டிக்குப் பூட்டினாய்.

"மொதல்ல உன் பாரம் ஏறட்டும். என்னுது கெடக்கட்டும்."

அதுக்குப் பிறகு எங்கே கண்டாலும் உன் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை யானை?" என்பதுதான்.

உத்தமபாளையத்தில் உன்னை அடக்கம் செய்த அன்று நானும் மூன்று பிடி மண் போட்டேன். ஆயிரம் பேர் வந்தாக என்று ஊரில் சொல்லி வருகிறேன். நான் எங்கே எண்ணினேன்? கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டதே.

இப்போது குமுளிக்கு லாரி போகிறது. எவனாவது ரொம்பச் சத்தமாகப் பெருமை பேசினால், நான் சிரிப்பதில்லை. காளை அசைபோடுகிற நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என்னிடம்தான் கேட்க ஆளில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னைக்கு ஒன்பது, மாப்ளே.