ஓடைக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 3

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் எங்களைக் கவனித்துக்கொண்டதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் உங்கள் காட்டில்தான். போனில் சொல்லலாம் என்றால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். யார் பேசியதும் யார் காதிலும் விழாது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஓடையைத் தாண்டி எல்லாரும் அக்கரை போனீர்கள். பாறைக்குப் பாறை தாவ என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "நீங்க இங்கயே உக்காருங்க, பையெல்லாம் பாத்துக்குங்க, இதோ வந்துடறோம்" என்றீர்கள். அந்த "இதோ" வருவதற்குள் மத்தியானமே போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகள் அங்கே நீர்நாயைப் பார்த்தாளாம், குட்டியோடு பார்த்தாளாம். ராத்திரிச் சாப்பாடு முழுக்க அதே கதை. நான் பார்த்தது பைகளை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும் என்று அந்தக் காட்டைப் பராமரிக்கும் பூங்கா அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். என் தையல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அவர்களில் ஒருவரும் அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. ஆனால் முழங்கால் எல்லாருக்கும் இருக்கிறதே!

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பைகளுக்குக் காவல் இருந்த சம்பந்தி

பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் கடிதம் வந்தது. மனுவும் வந்தது, நேராக எங்கள் குழுவுக்கே. பூங்காவை நடத்துவது அதிகாரிகள்தான். ஆனால் எந்தப் பாதையைத் திறப்பது, எதை மூடுவது, எங்கே கூடாரம் போட விடுவது என்று அவர்களுக்கு யோசனை சொல்வது சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் நாங்கள் ஒன்பது பேர். சம்பளம் கிடையாது. டீயைக்கூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோகிறோம்.

எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், உங்கள் மனுவை உரக்கப் படித்தார். கீழே பெயரைக் கேட்டதும் பள்ளி வேன் ஓட்டுகிற மீசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உங்க சம்பந்திதானே?" என்றார். ஆமாம் என்றேன். உறவுக்காரர் விஷயம் வந்தால் நம் கருத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும், ஓட்டுப் போடக்கூடாது என்பது குழுவின் விதி.

மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேச எனக்கு வராது. அடுத்த கூட்டத்தில் பாலம் வேண்டாம் என்றுதான் பேசப்போகிறேன். பாலம் வந்தால் மறுநாளே மோட்டார் சைக்கிள் வரும், அதன் பின்னாலேயே ஸ்பீக்கர் வரும். நீர்நாய் குட்டிகளை வளர்க்கிற ஒரே மணல்திட்டு அக்கரையில்தான் இருக்கிறது. ஒருமுறை மிரண்டு போய்விட்டால் அவை திரும்பி வராது.

உங்கள் மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று நானே கேட்டேன். "அம்மாவ விட்டுட்டுப் போனதுல நானும்தான் அத்தை இருந்தேன். எம்மேலயே எனக்குக் கோவம்" என்றாள். உங்களைத் தனியே உட்கார வைத்தது தப்புதான். எனக்கும் மனது சரியில்லை. ஆனால் அதற்காகப் பாலம் கட்ட முடியாது.

அன்புடன்,
சம்பந்தி

பிப்ரவரி 20

சம்பந்தியம்மாவுக்கு,

நல்லது. உறவு வேறு, ஊர்க்காரியம் வேறு. தாராளமாக எதிர்த்துப் பேசுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் லீவு கிடைக்கும்போது இங்கே வந்துபோகட்டும். எனக்கும் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நான் இனி அந்தப் பக்கம் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
சம்பந்தி

மார்ச் 9

அன்புள்ள சம்பந்தியம்மா,

கூட்டம் முடிந்தது. பாலம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தைக் கிழிப்பதென்றால் இங்கேயே கிழித்துக்கொள்ளலாம்.

கிழிக்கவில்லையென்றால் மேலே படியுங்கள். நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஓட்டு முடிந்ததும் மீசைக்காரர் குரல் கேட்டது. "பாலம் வேணாம், சரி. ஆனா அந்தம்மாவுக்கு என்ன பாலத்தையா பாக்கணும்? நீர்நாயத்தான பாக்கணும்? எங்கம்மாவும் ஓடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறவங்கதான். அவங்களுக்கெல்லாம் இந்தக் காட்டுல என்னதான் இருக்கு?"

எங்கள் எல்லாப் பாதையும் ஏதாவது ஒரு பாறையைத் தாவித்தான் போகிறது. இத்தனை வருடமாக அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வராந்தாவில் நின்றிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஓடைக்கு இந்தப் பக்கமே ஒரு பழைய பாதை உண்டு. புதர் மூடிக் கிடக்கிறது. மணல்திட்டுக்கு நேர் எதிரே ஒரு தட்டைப் பாறையில் போய் முடியும். அதைத் திறக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். காட்டுக்குள் இயந்திரமும் வண்டியும் விடுவதில்லை என்பதால் எல்லாம் கையால்தான். உட்காரக் கல் போடுவதென்றாலும் இரண்டு பேர் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே தேவையான இடத்தில் மட்டும்தான் போட முடியும். எது தேவையான இடம் என்று யார் சொல்வது? எங்கள் ஒன்பது பேருக்கும் கால் நன்றாக இருக்கிறது, அதுதான் தொல்லை.

கடைசியில் தலைவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "மனுப் போட்டவங்களையே கூப்பிட்டு நடக்கச் சொல்லுவோம். அவங்க முழங்கால் எங்க வலிக்குதோ அங்க கல்லு" என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

இது குழுவின் அழைப்பு. என் அழைப்பு தனி. வாருங்கள். நீங்கள் வராவிட்டால் எனக்கு இந்த வீட்டில் சண்டை போட ஆள் இல்லை.

அன்புடன்,
சம்பந்தி

மார்ச் 18

அன்புள்ள சம்பந்தியம்மா,

கிழிக்கத்தான் எடுத்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "மீதியையும் படியேன்" என்றார்.

இந்த முழங்காலை இதுவரை டாக்டர்கூட இவ்வளவு மதித்ததில்லை. வருகிறேன். ஆனால் "இதோ வந்துடறோம்" என்ற வார்த்தையை யாரும் என் காதில் போடக்கூடாது. பைகளுக்கு இந்த முறை என் வீட்டுக்காரர் காவல். வலிக்கிற இடத்தில் அடையாளம் கட்ட, கடையில் வெட்டி மீந்த சிவப்புத் துணியைக் கிழித்து எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
சம்பந்தி

மே 2

அன்புள்ள சம்பந்தியம்மா,

நீங்கள் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. உங்கள் மகள் மட்டும் தினமும் நீங்கள் நடந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் பூங்கா வாசல் கேட்டில் பைகளின் மேலேயே தூங்கிவிட்டதையும் சேர்த்துத்தான்.

நீங்கள் சிவப்புத் துணி கட்டிய ஐந்து இடத்திலும் கல் போட்டாயிற்று. முதல் நான்கும் ஏற்றத்தில். ஐந்தாவதுதான் மீசைக்காரருக்குப் பிடிபடவில்லை. "இது நல்ல சமதளம். பாறையும் எதிர்லயே தெரியுது. இங்க எப்படிங்க வலிச்சிருக்கும்?" என்று கல்லைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் கேட்டார். முழங்கால் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று சொல்லி வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மாள் ஐந்தாவது கல்லில் உட்கார்ந்து என்னிடம் பேச ஆரம்பித்தவர், எழுந்திருக்க மனமில்லாமல்தான் பாறைக்கு வந்தார். நீர்நாய்கள் அன்றும் வந்தன. குட்டிகள் நன்றாக வளர்ந்துவிட்டன.

அன்புடன்,
சம்பந்தி

மே 10

என் அன்பான சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். அந்தப் பாறையில் நாம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன். தாய் நீர்நாய் வாயில் மீனோடு கரையேறியதும், குட்டி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும், நீங்கள் என் கையை அழுத்திப் பிடித்ததும் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. பாலம் கேட்டது என் தப்பு. அந்த இடத்தில் சத்தமே கூடாது.

அந்த ஐந்தாவது கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீசைக்காரர் நினைத்தது சரிதான். அங்கே எனக்கு வலிக்கவே இல்லை. பாறைக்குப் போய்விட்டால் மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டும் என்று வழியிலேயே சொல்லிவிட்டீர்கள். பாறையும் எதிரே தெரிந்துவிட்டது. எனக்கோ உங்களிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேச வேண்டும்போல் இருந்தது. அதனால் துணியைக் கட்டிவிட்டு, "அப்பா, வலிக்குது" என்று உட்கார்ந்துவிட்டேன்.

இதைக் குழுவில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் விதிப்படி சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுங்கள். ஆனால் அந்தக் கல்லை மட்டும் எடுக்க விடாதீர்கள். அடுத்த மாதம் வருகிறேன், நமக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் குழுவின் முழங்கால்