விளக்குப் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்டுவிட்டு மற்ற சங்கதிகளுக்குப் போவதுதான் முறை. இந்தத் தடவை அந்தக் கேள்விக்காகத்தான் கடிதமே. போன் செய்தால் எடுப்பதில்லை. "வேலை அதிகம்பா, அப்புறம் பேசுறேன்" என்று ஒரு வரி மட்டும் வருகிறது. கடிதம் என்றால் மடித்து வைத்தாவது பிறகு படிப்பாய் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. வெளிக் கேட்டைத் திறந்தால் சமையலறையில் எரியும்படி நீ செய்து கொடுத்தாயே, அந்த நீல விளக்குக்கு மழையில் ஏதோ ஆகிவிட்டது. யாரும் வராமலே எரிகிறது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவதும், ஒருவரும் இல்லையென்று திரும்பி வந்து என்னை முறைப்பதுமாக இருந்தாள். நான்தான் எரிய வைத்தேனாம். பொறுக்க முடியாமல், நீ சோப்பு டப்பாவுக்குள் அடைத்துக் கொடுத்த அந்த விளக்குப் பெட்டியைக் கழற்றி, செல்போன் ரிப்பேர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

அவர் திறந்து பார்த்துவிட்டு, யார் செய்தது, கைவேலை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டார். என் மகள் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. டப்பாவுக்குள் நீ ஒட்டியிருந்த இணைய முகவரியை அவர் தன் போனில் தட்டிப் பார்த்தார். இதைச் செய்யும் முறையையும் இதற்குள் ஓடும் நிரலையும் நீ இணையத்தில் திறந்து வைத்திருக்கிறாயாம். யாரும் எடுத்துச் செய்யலாமாம், மாற்றலாமாம், காசு வேண்டாமாம். எனக்கு இது இன்னும் பிடிபடவில்லை. தைத்த சட்டையோடு அளவு வரைந்த காகிதத்தையும் கொடுத்தனுப்பினால் தையல்காரன் பிழைப்பது எப்படி? ஆனாலும் எந்தெந்த ஊரிலோ காது கேளாதவர்கள் வீட்டில் உன் விளக்கு எரிகிறது என்று அவர் சொன்னதும் சிரித்துவிட்டேன்.

அந்த இணையப் பக்கத்தின் உச்சியில் நீ எழுதியிருந்ததையும் அவரே படித்துத் தமிழில் சொன்னார். "இனி என்னால் முடியாது. யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள்."

எது முடியாது? கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. "யாரு குறை சொன்னாலும் சரிபண்ணித் தரணும், சம்பளம் இல்லாத வேலைண்ணே. அலுத்துப்போனா இப்படி எழுதி வெச்சுட்டுப் போறது அவங்க வழக்கம்" என்றார். இருக்கலாம். ஆனால் நீ ஜுரத்தோடு பரீட்சை எழுதப் போனவள். முடியாது என்று நீ சொல்லி நான் கேட்டதில்லை. பெட்டியைத்தான் சொன்னாயா, வேறு எதையாவதா? பயமாக இருந்தது. யாரைக் கேட்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

பிறகு செய்ததற்கு நீ என்னைத் திட்டலாம். முன்பின் தெரியாத யாரோ அதை எடுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று அதன் கீழே கடைக்காரரை எழுதச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு புனைபெயர் கேட்டது. பித்தானுக்குத் துளை தைக்கிற தையல்காரனுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? 'காஜா' என்று வைத்தேன். அவ்வளவுதான், உன் விளக்கை வைத்திருப்பவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு விளக்கு அணைய மறுக்கிறதாம். ஒருவர் எதையோ மாற்றி அனுப்பி, சம்மதமா என்கிறார். அழகாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். தைத்த துணி திரும்பி வந்தால் சொல்வதுபோல, "பொறுத்துக்கொள்ளுங்கள், சரிசெய்து தருகிறோம்" என்று எல்லோருக்கும் பதில் போடச் சொல்கிறேன். கடைக்காரர் இப்போது என்னைக் கண்டாலே ஷட்டரை இறக்கப் பார்க்கிறார்.

'ஆந்தை' என்ற பெயரில் ஒருவர் மட்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை. முன்பு இதைப் பார்த்துக்கொண்டவர் சுகமாக இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை அம்மாடி.

நம் பெட்டியில் ஈரம் பட்ட ஒரு கம்பியை மாற்றினால் போதுமாம். அதற்கு முன் வீட்டில் சொல்லிவிடலாம் என்று பெட்டியோடு திரும்பி வந்து, அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். "கம்பிய மாத்த வேணாம். அவளே வந்து பாக்கட்டும்" என்றாள். பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். இப்போதும் விளக்கு தானாக எரிகிறது. அவளும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறாள். என்னை முறைப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

முடியவில்லை என்றால் இறக்கி வைத்துவிடு, தாயே. பெட்டியோ, வேலையோ, எதுவானாலும். எடுத்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். வருவதாகச் சொல்லக்கூட வேண்டாம், கேட்டைத் திறந்தால் போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா
(காஜா)